பிரிவு விழாவில் எல்லோரும் ‘ஆஜர்’! பரீட்சை அறையில் ஏன் காலி பெஞ்சு?

மாசி பிறந்துவிட்டால் போதும். சென்னை நகரப் பள்ளிக்கூடங்களில் ஒரே பரபரப்புதான்.

ஒரு பக்கம் ஆண்டு விழா மேளம். இன்னொரு பக்கம் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ சத்தம். நடுவில் பிரிவு உபசார விழா, கேக், மிக்சர், குரூப் போட்டோ, கண்ணீர்!

“டேய், மறந்துடாதீங்கடா!” என்று கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அழுத கண்ணோடு போய் கணக்கு ‘டெஸ்ட்’ எழுதுகிறார்கள்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்த விழாவுக்கு வரும் எல்லோரும் பரீட்சை அறைக்கு வருவது இல்லை. வகுப்பு ஆசிரியர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

9-ம் வகுப்பு செலவு

பிரிவு விழாவை நடத்துவது 9-ம் வகுப்பு பிள்ளைகள். விருந்தாளிகள் 10-ம் வகுப்பு அண்ணன்-அக்காமார்கள். மேல்நிலைப்பள்ளி என்றால் பிளஸ்-1 மாணவர்கள் பிளஸ்-2 மாணவர்களுக்கு நடத்துவார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். கொடுக்க முடியாதவன் பங்கை யாராவது ஒரு ஆசிரியர் சத்தமில்லாமல் போட்டுவிடுவார். கலர் காகிதத் தோரணம் கட்டுவார்கள். கரும்பலகையில் 3 நிற சாக்பீசில் ‘பிரியா விடை’ என்று எழுதுவார்கள். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புறா கட்டாயம் பறக்கும்!

ஒரு இனிப்பு, ஒரு காரம், ஒரு டம்ளர் கூல் டிரிங்ஸ். அவ்வளவுதான் விருந்து. அதற்கு முன்னால் பேச்சு. பேச்சில் வகுப்பு லீடர் முதல் 2 நிமிடம் நன்றாகப் பேசுவான். 3-வது நிமிடம் தொண்டை அடைக்கும். 4-வது நிமிடம் முன்வரிசையில் இருக்கும் தமிழ் அய்யா கர்ச்சீப்பை எடுப்பார்!

அம்மா சேலை

மாணவிகளுக்கு இந்த விழா இன்னொரு வகையில் விசேஷம். பல பேர் முதன்முதலாக சேலை கட்டுவது அன்றைக்குத்தான்.

சேலை அம்மாவுடையது. ஜாக்கெட் அக்காவுடையது. கவரிங் செயின் பக்கத்து வீட்டில் இரவல். எத்தனை சேப்டி பின் குத்தியிருக்கிறது என்பது, கட்டிவிட்ட அத்தைக்கு மட்டும்தான் தெரியும்.

“யாருடி இது? அடையாளமே தெரியலையே!” என்று டீச்சர் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பையன்கள் மட்டும் இளைப்பா? வேட்டி-சட்டையில் வருகிறார்கள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் மேலே ஒரு பெல்ட். நடக்கும்போது ஒரு கை வேட்டியிலேயே இருக்கும்.

கலர் கலராக ஆட்டோகிராப்

1970, 80-களில் படித்தவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் ஒரு குட்டி நோட்டு கிடைக்கும். ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம் என்று பக்கத்துக்கு ஒரு நிறம். அதுதான் ஆட்டோகிராப் நோட்டு.

அதில் பெயர், முகவரி, ஒரு வாழ்த்து, கடைசியில் ‘என்றும் மறவாத நண்பன்’ என்று கையெழுத்து. அந்த முகவரிக்கு எத்தனை பேர் கடிதம் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது!

2004-ல் டைரக்டர் சேரனின் ‘ஆட்டோகிராப்’ படம் வந்தபோது, பரணில் இருந்த நோட்டைத் தேடி எடுத்தவர்கள் நிறைய.

இன்றைய பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டாம். யூனிபார்ம் சட்டையே போதும். மார்க்கர் பேனாவால் முதுகு முழுக்க எழுதித் தள்ளுகிறார்கள். அந்தச் சட்டையைத் துவைக்க விடாமல் மடித்து வைத்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. “தம்பிக்கு ஆகும்னு நெனச்சேன், இப்படிக் கிறுக்கிட்டு வந்திருக்கியே!” என்று தலையில் அடித்துக்கொள்கிற அம்மாக்களும் உண்டு.

2 பாட்டு

பிரிவு விழாவில் பாட்டு இல்லாமலா?

தாத்தா-பாட்டி தலைமுறைக்கு ஒரு பாட்டு இருந்தது. 1963-ல் வந்த ‘இரத்தத்திலகம்’ படத்துக்காக கண்ணதாசன் எழுதியது. கே.வி.மகாதேவன் இசையில் டி.எம்.சவுந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. அந்தப் பாட்டு ஒலிக்காத பிரிவு விழாவே அப்போது இல்லை என்று சொல்லலாம்.

அப்பா-அம்மா தலைமுறைக்கு 1996-ல் ‘காதல் தேசம்’ வந்தது. அதில் ஏ.ஆர்.ரகுமான் பாடிய நட்புப் பாட்டு பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

இன்று செல்போனில் எந்தப் பாட்டும் கிடைக்கும். ஆனாலும் விழாவின் கடைசி 5 நிமிடத்தில் இந்தப் பழைய பாட்டுகளில் ஒன்று எப்படியோ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்க் அபிஷேகம்

அந்தக் காலத்தில் கடைசிப் பரீட்சை முடிந்ததும் பேனாவைத் திறந்து இங்க் தெளிப்பார்கள். வெள்ளைச் சட்டை ஊதாச் சட்டை ஆகிவிடும். பஸ்சில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு ஆபீஸ் போகிறவர் சட்டையும் ஊதா ஆகும்!

இப்போது எல்லோர் கையிலும் பால் பாயிண்ட் பேனா. அதனால் கலர் பொடி, நுரை ஸ்பிரே என்று மாறிவிட்டது. சில ஆண்டுகளில் சில ஊர்களில் இது எல்லை மீறி, வகுப்பறை மேஜை-நாற்காலியை உடைக்கும் அளவுக்குப் போனது. அந்த வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றின.

அதனால்தான் கடைசிப் பரீட்சை அன்று சில பள்ளி வாசல்களில் போலீசார் நிற்கிறார்கள். பெற்றோர்களை நேரில் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.

தையல் மிஷின் சத்தம்

விழா முடிந்த மறுநாளே பள்ளிக்கூடத்தின் முகம் மாறிவிடும். தோரணம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கீழே திருப்புதல் தேர்வு நடக்கும்.

முதல் திருப்புதல், 2-ம் திருப்புதல் என்று எழுதி எழுதி விரல் காய்த்துப்போகும். ஸ்பெஷல் கிளாசில் மாலை மயங்கும் நேரத்தில் பசி எடுக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அந்த நேரத்துக்கு சிறுதீனி கொடுக்கும் வழக்கம் உண்டு. “சுண்டலுக்காகவாவது பயலுக உக்காருறாங்க” என்று வாத்தியார்கள் சிரிப்பார்கள்.

பரீட்சை நெருங்கும்போது பள்ளிக்கூடத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்கும். சத்துணவுக்கூடத்தில் தலையணை உறை தைக்கிறார்களோ என்று நினைக்க வேண்டாம். பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு முகப்புத் தாள் தைக்கிறார்கள்!

அந்தத் தாளில் மாணவனின் படம், பதிவு எண், பார்கோடு எல்லாம் அச்சாகி வரும். அதை விடைத்தாள் கட்டுடன் சேர்த்துத் தைக்க டெய்லரைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தைக்க வேண்டும்.

இதில்தான் ஒரு உருக்கமான விஷயம். அந்தப் பிள்ளை பரீட்சைக்கு வருவானா, மாட்டானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் படம் போட்ட தாள் தைத்துத் தயாராக இருக்கும்.

ஒரு எழுத்து தப்பினால்...

இன்னொரு முக்கியமான வேலை, ‘நாமினல் ரோல்’ என்ற பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் மாணவன் தானே படித்துப் பார்த்து கையெழுத்துப் போட வேண்டும். விளையாட்டுப் புத்தியில் பார்க்காமல் போட்டுவிட்டால் பிறகு அலைச்சல்தான். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் இருக்கும் பிறந்த தேதிதான் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பல இடங்களில் சாட்சி. ஒரு எழுத்தை மாற்ற நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்துக்கு நடையாக நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தெருவிளக்கும் ஐகோர்ட்டும்

ஒரே அறை வீட்டில் 5 பேர். டி.வி. ஓடும். பாப்பா அழும். படிக்கிற பிள்ளை எங்கே போகும்?

சென்னைக்கு இது புது பிரச்சினை இல்லை. சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி அய்யர், சிறுவனாக இருந்தபோது தெருவிளக்கில் படித்தவர் என்று சொல்வார்கள். அவருடைய சிலை ஐகோர்ட்டில் இருக்கிறது.

இன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ல் திறந்தது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே இடம் உண்டு. 2024 நவம்பரில் கொளத்தூரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்ற படிப்பகம் திறக்கப்பட்டது.

அதுவரை போக முடியாத பிள்ளைகளுக்கு மொட்டை மாடிதான் நூலகம். தண்ணீர் டாங்க் நிழலில் பாய் விரித்து, சத்தம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். நடுவில் தெருமுனையில் கோவில் திருவிழா ஸ்பீக்கர் அலறும். 2008 முதல் இன்னொரு சோதனையும் சேர்ந்துகொண்டது. அதுதான் ஐ.பி.எல். கிரிக்கெட். சேப்பாக்கத்தில் சிக்சர் அடித்தால் சூளைமேட்டு மாடியில் இயற்பியல் பறந்துபோகும்!

பேனாவுக்கு பூஜை

பரீட்சைக்கு முந்தைய வாரம் கோவில்களில் கூட்டம். நங்கநல்லூர் ஹயக்ரீவர் கோவிலிலும், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் உள்ள செட்டிப்புண்ணியம் யோக ஹயக்ரீவர் சன்னதியிலும் பேனா, ஹால் டிக்கெட்டை வைத்து அர்ச்சனை நடக்கிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் மெழுகுவர்த்தி எரிகிறது. பள்ளிவாசலில் துவா செய்கிறார்கள்.

சாமி ஹால் டிக்கெட்டை ஆசீர்வதிக்கும். ஆனால் காலையில் எழுப்பி அனுப்ப வீட்டில் ஒருவர் வேண்டுமே!

10 மணி... பெஞ்சு காலி

பரீட்சை நாள். காலை 10 மணிக்கு மணி அடிக்கிறது. வினாத்தாள் படிக்க 10 நிமிடம். விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும்.

அந்த முதல் 15 நிமிடத்தில் வெளியே கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பவர் வகுப்பு ஆசிரியர். “அவன் வந்துட்டானா?” “அந்தப் பொண்ணு வந்துச்சா?” என்று ஒவ்வொருவராகக் கேட்பார்.

2023-ம் ஆண்டு மார்ச் 13-ந்தேதி தமிழகமே திடுக்கிட்டது. அன்று பிளஸ்-2 தமிழ்ப் பரீட்சை. முதல் நாளே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை! இத்தனைக்கும் அது ஆங்கிலம் இல்லை, கணக்கு இல்லை. தாய்மொழிப் பாடம்.

எங்கே போனார்கள் அத்தனை பேரும்?

‘ஆல் பாஸ்’ பிள்ளைகள்

காரணத்தைத் தேடினால் கொரோனாவில் போய் நிற்கிறது.

2020-ல் 10-ம் வகுப்பு பரீட்சை மார்ச் 27-ந்தேதி தொடங்க வேண்டும். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பரீட்சையைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் ஜூன் 9-ந்தேதி, பரீட்சையே இல்லை, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். 2021-லும் 10-ம் வகுப்பு ‘ஆல் பாஸ்’.

அந்தப் பிள்ளைகளுக்கு பிரிவு விழா இல்லை. குரூப் போட்டோ இல்லை. கையில் பாஸ் சர்டிபிகேட் மட்டும் வந்தது.

வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை. பையன் மெக்கானிக் கடைக்குப் போனான். கேட்டரிங்கில் பரிமாறப் போனான். ராத்திரி கையில் காசு வந்தது. பள்ளி திறந்தபோது காசை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ஆனால் அவன் பெயர் பதிவேட்டில் இருந்தது. ஹால் டிக்கெட்டும் வந்தது. 2021-ல் 10-ம் வகுப்பு ‘ஆல் பாஸ்’ ஆன அதே செட்தான் 2023-ல் பிளஸ்-2 பரீட்சைக்கு வர வேண்டிய செட். நீண்ட நாள் வராதவர்களின் பெயரும் பட்டியலில் இருந்ததே இதற்கு முக்கிய காரணம் என்று அரசு தரப்பிலும் அப்போது விளக்கம் சொல்லப்பட்டது.

சட்டம் 14 வயது வரை

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. 10-ம் வகுப்பு பிள்ளைக்கு வயது 15. ‘கட்டாயம் அனுப்பு’ என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

அந்த இடத்தில் நிற்பவர் வகுப்பு ஆசிரியர் மட்டும்தான்.

அவர் மாலையில் வீடு தேடிப் போகிறார். குடிசை மாற்று வாரிய வீட்டில் 3 மாடி ஏறுகிறார். “பையனை 10 நாள் மட்டும் விடுங்கம்மா. பரீட்சை எழுதட்டும். அப்புறம் வேலையைப் பாத்துக்கலாம்” என்று கெஞ்சுகிறார்.

“நான் வேணாம்னா சொன்னேன் சார்? அவன்தான் வரமாட்டேங்கிறான்” என்று அந்தத் தாய் அழுகிறார்.

பெண் பிள்ளை என்றால் விஷயம் வேறு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்பார்கள். சில வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பதாக மெதுவாகச் சொல்வார்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்தால் சட்டப்படி குற்றம் என்று டீச்சர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது டீச்சர்கள் கையில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-ல் தொடங்கியது. “இந்தப் பரீட்சையை விட்டா அதுவும் போச்சும்மா” என்று சொன்னால், கதவு கொஞ்சம் திறக்கிறது.

மாலைப் பேப்பரில் நம்பர்

1978-ல் பிளஸ்-1 வகுப்பு வந்தது. 1980-ல் முதல் பிளஸ்-2 பரீட்சை நடந்தது. அந்தக் காலத்தில் ரிசல்ட் என்றால் மாலைப் பேப்பர்தான்.

பேப்பர் ஆபீஸ் வாசலில் கூட்டம் நெரியும். பேப்பர் கட்டு சைக்கிளில் ஏறுவதற்குள் பிய்த்துக்கொள்வார்கள். பொடி எழுத்தில் வரிசையாக நம்பர். தன் நம்பர் இருந்தால் கத்துவான். இல்லாவிட்டால் இன்னொரு முறை பார்ப்பான். அப்புறம் பேப்பரைத் திருப்பியும் பார்ப்பான். மார்ச்சை விட்டால் செப்டம்பர்-அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

இன்று செல்போனில் மார்க் வருகிறது. முதல் ‘ரேங்க்’, 2-ம் ‘ரேங்க்’ என்று படம் போடும் வழக்கத்தை 2017-ல் அரசு நிறுத்திவிட்டது. 2017-18-ல் வந்த பிளஸ்-1 பொதுத்தேர்வும் 2025-26 முதல் கிடையாது.

பெயிலானால் உலகம் முடிந்துவிடாது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. பாஸ் செய்தால் அதே ஆண்டு மேலே படிக்கலாம். பரீட்சைக்கு வராதவர்களும் அதை எழுதலாம். மனம் உடைந்தால் பேசுவதற்கு 14417, 104 ஆகிய டெலிபோன் எண்கள் இருக்கின்றன.

விட்டுப்போன கணக்கு

2025-ல் 10-ம் வகுப்பில் 93.80 சதவீதம் பாஸ். பிளஸ்-2-வில் 95.03 சதவீதம் பாஸ். பெருமையான கணக்குதான்.

ஆனால் இது எழுதியவர்களின் கணக்கு. எழுத வராதவன் பாசிலும் இல்லை, பெயிலிலும் இல்லை. அவனுக்காக யாரும் ரிசல்ட் பார்ப்பதும் இல்லை.

அவனை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இன்ஸ்பெக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. கூடப் படித்தவன்தான். எந்தக் கடையில் வேலை செய்கிறான், எந்தத் தெருவில் சுற்றுகிறான், யார் சொன்னால் கேட்பான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஆசிரியர் போனால் ஒளிந்துகொள்பவன், நண்பன் சைக்கிளை நிறுத்தி “ஏறுடா, ஹால் டிக்கெட் என்கிட்ட இருக்கு” என்றால் ஏறிவிடுகிறான்.

சட்டை முதுகில் ‘மறக்காதே’ என்று எழுதுவது சுலபம். பரீட்சை அன்று காலை 9 மணிக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டினால், அதுதான் மறக்காத நட்பு!